கிளட்ச் மிதி இல்லாத கார்

காரைக் கண்டு எந்த மெக்கானிக்கும் பயப்படுவதில்லை. அதன் சொந்தக்காரர் இறங்கி வந்து, "ஒண்ணுமில்ல, சின்னதா ஒரு சத்தம்தான்" என்று சிரிக்கும்போதுதான் எங்களுக்குப் பயம் பிடிக்கும். நீங்கள் ஸ்பேனர் பிடித்த ஆள் என்றால் இந்த இடத்திலேயே தலையாட்டியிருப்பீர்கள். மற்றவர்கள் உங்கள் மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்கள்.

கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ராபர்ட்சன்பேட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் ஷெட். எஞ்சின், கியர், கிளட்ச் என் பொறுப்பு. ஒயர், பேட்டரி, லைட் எல்லாம் என் கூட்டாளி முனிரத்தினம் பொறுப்பு. எத்தனையோ கார்கள் வந்து போயின. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டது ஒரே ஒரு காருக்காகத்தான். சாம்பல் நிறத்தில் சிறிய சீமைக் கார். தங்கச் சுரங்கத்தில் பெரிய என்ஜினீயராக இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை அதைக் கப்பலில் வரவழைத்திருந்தார். சுரங்கம் சர்க்கார் கைக்கு மாறிக்கொண்டிருந்த சமயம் அது.

சும்மா இருக்காத கால்

துரையின் டிரைவர் சின்னப்பன் ஒருநாள் காலையில் அந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். முன்கண்ணாடியில் ஒரு விரிசல். "பிரேக்கைப் பாருங்க மேஸ்திரி, தானா புடிச்சிக்குது" என்றார். ஓட்டிப் பார்க்க ஏறி உட்கார்ந்தேன். இடது காலைத் தூக்கிக் கிளட்சை மிதித்தேன். தரையைத்தான் மிதித்தேன். குனிந்து பார்த்தால் இரண்டே பெடல்கள். பிரேக் ஒன்று, ஆக்சிலேட்டர் ஒன்று. கியர் ராடு மட்டும் வழக்கம்போல் நடுவில் நின்றது.

காரோடு வந்த சிறு புத்தகத்தைத் துரையிடமிருந்து வாங்கி, நானும் முனிரத்தினமும் இரண்டு நாள் எழுத்துக்கூட்டிப் படித்தோம். விஷயம் இதுதான். கியர் பெட்டி சாதாரணப் பெட்டிதான். கியரை நாம்தான் மாற்ற வேண்டும். கிளட்சை மட்டும் கார் தானே பார்த்துக்கொள்ளும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது கிளட்ச் விலகி நிற்கும். ஆக்சிலேட்டரை மிதித்து வேகம் கூட்டினால், கிளட்சோடு சேர்ந்து சுற்றும் எடைகள் குடைராட்டினம் போல வெளிப்பக்கம் விரிந்து கிளட்சைச் சேர்த்து அழுத்தும், கார் நகரும். ஓடும்போது கியர் மாற்ற வேறு ஏற்பாடு. கியர் ராடின் குமிழுக்குள் ஒரு சுவிட்ச். குமிழைப் பிடித்து லேசாக அசைத்ததும் கரண்ட் போய் ஒரு வால்வைத் திறக்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற உறிஞ்சல் ஒரு ரப்பர் குழாய் வழியாக ஒரு தகர டப்பாவுக்குப் போகும். அந்த டப்பா கிளட்சை இழுத்து விலக்கும். கையை எடுத்தால் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. சின்னப்பனை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கியர் மாற்றும் நேரம் வந்ததும் அவருடைய இடது கால் தானாக எழுந்து, அகலமான பிரேக் பெடலைப் பலங்கொண்ட மட்டும் மிதித்தது. கார் நின்றது. என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. முன் இருந்த விரிசல் துரையின் நெற்றியால் வந்தது என்று புரிந்துகொண்டேன். அடுத்த வாரம் சின்னப்பன் இடது காலைச் சீட்டின் மேல் சம்மணமாக மடித்து வைத்துக்கொண்டு ஓட்டி வந்தார். அவர் சொன்னது:

"இருவது வருசமா கிளட்ச் மிதிச்ச கால் மேஸ்திரி. சும்மா இருன்னா இருக்க மாட்டேங்குது. அதான் மேலே குந்த வெச்சிக்கினேன்."

கையையும் எடு

நாலு மாதத்தில் கிளட்ச் லைனிங் கருகி வந்தது. இரண்டு வருஷமாவது வர வேண்டியது. பாகங்களைப் பிரித்துப் பார்த்ததில் எல்லாம் சரியாக இருந்தது. சந்தேகம் வந்து மறுபடியும் சின்னப்பனோடு உட்கார்ந்து போனேன். எல்லா லாரி டிரைவர்களையும் போல அவரும் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைக் கியர் குமிழின் மேல் ஓய்வாக வைத்திருந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் கை குலுங்க, சுவிட்ச் தட்ட, கிளட்ச் அரைகுறையாக விலகித் தேய்ந்துகொண்டே வந்தது. ஏறுகிற மேட்டில் எஞ்சின் வீறிட்டது, கார் நகரவில்லை. கருகல் வாசனை காரைவிட்டுப் போகவே இல்லை.

கியர் மாற்றும்போது மட்டும் குமிழைத் தொட வேண்டும், மற்ற நேரத்தில் தொடவே கூடாது என்று பொறுமையாக விளக்கினேன். அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"அன்னிக்கு கால வெக்காதன்னீங்க. இன்னிக்கு கைய வெக்காதன்றீங்க. அப்பால என்னிய இன்னாத்துக்கு உள்ள குந்த வெக்கறாங்க?"

முந்திக்கொண்டது

சாதாரணக் காரைச் சரிவில் நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு இறங்கலாம். எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இந்தக் காரில் எஞ்சின் நின்றால் கிளட்ச் விலகிவிடும், கியர் பிடிக்காது. ஹேண்ட் பிரேக் ஒன்றுதான் கதி. புத்தகத்தில் இது தடித்த எழுத்தில் இருந்தது. துரை புத்தகத்தை எங்களிடம் கொடுத்துவிட்டதால் அவருக்கு அதைப் படிக்க வாய்ப்பில்லை.

அவர் சீமைக்குத் திரும்பப் போவதை ஒட்டிக் கிளப்பில் விருந்து. வாசல் சரிவில் காரை முதல் கியரில் போட்டுவிட்டு, ஹேண்ட் பிரேக் போடாமல் உள்ளே போயிருக்கிறார். விருந்தில் யாரோ பேசிக்கொண்டிருந்தபோது கார் மெல்ல நகர்ந்து, தோட்டக்காரர் நட்டு வைத்திருந்த பூச்செடி வரிசை மேல் ஏறி, டென்னிஸ் வலையைச் சுருட்டிக்கொண்டு போய் நின்றது. ஆளுக்குச் சேதமில்லை. வலையை அறுத்துக் காரை எடுக்க என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். துரைக்குத் தமிழ் தெரியும். சுரங்கத்துக்குள் கற்ற தமிழ். கோட்டுப் பையில் கைவிட்டு நின்றபடி, கோபமே இல்லாமல் சொன்னார்:

"நான் ஊருக்குப் போறான். கார் நமக்கு முன்னாடி போறான்."

பன்னிரண்டு பேர் தள்ளியும்

துரை போகும்போது காரை விற்றுவிட்டுப் போனார். வாங்கியவர் டாக்டர் சரோஜம்மா. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்து ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டைப் பார்த்துக்கொண்டவர். மைசூர்ப் பக்கத்துக்காரர், கன்னடம் கலந்த தமிழில் விறுவிறு என்று பேசுவார். அதுவரை கார் ஓட்டியதே இல்லை. ஆகவே மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் அவருக்கு இல்லை. ஒரே வாரத்தில் அந்தக் காரைச் சின்னப்பனைவிட நன்றாக ஓட்டினார்.

ஒரு மத்தியானம் பேட்டரி இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் கார் கிளம்பவில்லை. ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த சுரங்கத் தொழிலாளிகள் பன்னிரண்டு பேர், டாக்டரம்மா கார் என்றதும் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் தள்ள ஆரம்பித்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஏழெட்டுப் பேருடைய பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள். ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் தள்ளினார்கள். சக்கரம் ஓடியது, எஞ்சின் அசையவில்லை. எஞ்சின் சுற்றினால்தான் கிளட்ச் பிடிக்கும். கிளட்ச் பிடித்தால்தான் தள்ளுகிற தள்ளு எஞ்சினைச் சுற்றும். இந்த முடிச்சு தெரியாமல் ஸ்டேஷனிலிருந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

நாங்கள் வேறு பேட்டரியோடு போனபோது பன்னிரண்டு பேரும் காரைச் சுற்றி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் பேட்டரியை மாட்டியதும் கார் ஒரே இழுப்பில் கிளம்பியது. அவர்களில் மூத்தவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"எட்டாயிரம் அடிக்குக் கீழ கல்லு ரொப்பின டிராலிய தள்றோம்மா. அது கூட தள்ளுனா ஒரு மரியாதைக்காவது போவும்."

இடது பக்கம் திரும்பினால் மட்டும்

டாக்டரம்மா ஒரு புகாரோடு வந்தார். இடது பக்கம் திரும்பும்போது மட்டும் எஞ்சின் வீறிட்டுக் கார் இழுவை விட்டுப் போகிறது, வலது பக்கம் திரும்பினால் ஒன்றும் இல்லை. நான் எடுத்துக்கொண்டு போய் மார்க்கெட்டைச் சுற்றி இடது பக்கமாகவே ஏழு தரம் திரும்பினேன். ஒன்றும் ஆகவில்லை. முனிரத்தினம் குமிழைக் கழற்றிச் சுவிட்ச் முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். ஒயரை எல்லாம் மாற்றினான். கார் போனது, மூன்றாம் நாள் அதே புகாரோடு வந்தது. அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அப்போதும் ஒன்றும் இல்லை. "மேஸ்திரியைக் கண்டால் அது ஒழுங்காக நடந்துகொள்கிறது" என்று அவர் சொன்னார். எனக்கு அது பாராட்டாகத் தோன்றவில்லை.

அடுத்த முறை, "நீங்க தினமும் எப்படிப் போவீங்களோ அப்படியே கிளம்புங்க, நான் பின் சீட்டுல இருக்கேன்" என்றேன். அவர் தன் கனமான தோல் பையைக் கொண்டுவந்து முன்னால், பக்கத்துச் சீட்டில் வைத்தார். முந்தின முறை அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பை பின்னால் கிடந்தது. முதல் இடது திருப்பத்திலேயே பை வழுக்கி வந்து கியர் ராடில் சாய்ந்தது. சுவிட்ச் தட்டியது, எஞ்சின் வீறிட்டது. பையைக் கீழே இறக்கி வைத்தேன், ரிப்பேர் முடிந்தது. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நோயாளிய மட்டும் பார்த்தா சாலது, பத்தாது, கூட யாரு வந்திருக்காங்கன்னும் பார்க்கணும். எங்களுக்குக் காலேஜுல முதல் வருஷமே சொல்லிடுவாங்க மேஸ்திரி. உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

கேட்டில்

மார்கழியில் எங்கள் ஊர்க் குளிர் தெரிந்தவர்களுக்குத் தெரியும். காலையில் எஞ்சின் நிற்காமல் ஓட வேண்டும் என்றால் கொஞ்சம் வேகமாக ஓட விட வேண்டும். ஆனால் இந்தக் காரில் வேகமாக ஓட விட்டால் கிளட்ச் பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டதும் கார் தானாக ஊர்ந்து போகும். மெதுவாக வைத்தால் ஊராது, நின்றுவிடும். நடுவில் ஒரு நூல் இழை அளவு இடம்தான் சரியான இடம். நான் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு அந்த இழையைத் தேடாத டிசம்பர் இல்லை.

ஒருநாள் ரயில்வே கேட் மூடியிருந்தபோது டாக்டரம்மா காரை நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு ஏதோ காகிதத்தைப் படித்திருக்கிறார். கார் ஊர்ந்து போய்க் கேட் கட்டையில் முட்டி நின்றது. பெரிய அடி இல்லை. கேட்கீப்பர் கொடியோடு வந்து கட்டையைத் தடவிப் பார்த்தாராம். அவர் சொன்னதை டாக்டரம்மாவே வந்து எங்களிடம் சொன்னார்:

"கொடி காட்னா ரயிலே நிக்குதும்மா. உங்க காரு யாரு பேச்சக் கேக்கும்?"

இரண்டாவது கியரில் பேத்தமங்களா

கியர் மாற்றும்போது நறநறவென்று சத்தம் வருகிறது என்று டாக்டரம்மா காலை பத்து மணிக்குக் காரை விட்டார். பானெட்டைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. டப்பாவுக்குப் போகிற ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது. உறிஞ்சல் வழியிலேயே ஒழுகிவிட, டப்பாவுக்குக் கிளட்சை இழுக்கச் சக்தி இல்லை. அந்த அளவுக் குழாய் பெங்களூரில் கிடைத்தால் உண்டு. இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்தார். பக்கத்து ஊரான பேத்தமங்களாவில் ஒரு பெண்ணுக்கு நேற்று முன்தினத்திலிருந்து வலி. பிள்ளை கால் பக்கமாக வருகிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஆஸ்பத்திரி வண்டி வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. எங்கள் ஷெட்டில் அப்போது சக்கரத்தோடு நின்ற கார் அது ஒன்றுதான்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "போகுமா, போகாதா? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

யோசித்தேன். ஓடும்போது கியர் மாற்றத்தான் முடியாது. நிற்கும்போது கிளட்ச் தானாக விலகி இருக்கும். அப்போது ஒரு கியரைப் போட்டுவிட்டால் அதிலேயே போகலாம். வெளிக்காற்றை உறிஞ்சாமல் இருக்க, எஞ்சின் பக்கத்துக் குழாய் வாயில் ஒரு மரக்குச்சியைச் செதுக்கி அடைத்தேன். இரண்டாவது கியரைப் போட்டு நானே ஓட்டினேன். டாக்டரம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில். அதன் பிறகு கியர் ராடை நான் தொடவில்லை. எஞ்சின் வழி நெடுக அலறியது. மாட்டு வண்டிகள் நாங்கள் வருவதற்கு வெகு முன்னாலேயே ஓரம் கட்டின. ஏரிக்கரையில் ரேடியேட்டர் கொதித்து ஆவி வந்தது. நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம். அந்த ஐந்து நிமிஷமும் டாக்டரம்மா மடியிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை. கைக்கடிகாரத்தையும் பார்க்கவில்லை. அவசரத்தில் நான் ஊற்றிய தண்ணீர் பாதி வெளியே போனது நினைவிருக்கிறது.

வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டு, கிணற்றடியில் காரோடு நின்றேன். ஒரு மணி நேரம் இருக்கும். உள்ளே பெண்களின் குரல் ஏறியது, இறங்கியது, பிறகு நின்றே போனது. அப்புறம் பிள்ளை அழுதது. பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். சற்று நேரம் கழித்துக் கணவன் ஒரு செம்பு மோரோடு வந்தான். என்னைவிடச் சின்னவன். காரைத் தொடலாமா என்று கேட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"இது ஏரிக்கரையில கத்துனது வீட்டுக்குள்ள கேட்டுச்சிங்க. அவ அதுக்குள்ள ஓய்ஞ்சி கண்ண மூடிட்டிருந்தா. 'இன்னா சத்தம்'னா. 'டாக்டரம்மா காரு'ன்னேன். அதக் கேட்டுதாங்க மறுபடியும் கண்ணத் தெறந்தா."

அதே கால்

சில வருஷம் கழித்து டாக்டரம்மாவுக்கு மாற்றல் வந்தது. அப்போது சர்வே ஆபீசில் வேலை பார்த்த கௌதமன் என்பவர் ஷெட்டுக்கு வந்தார். அக்குளில் இரண்டு கட்டை. சுரங்கத்துக்குள் அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது பாறை வெடித்துச் சரிந்து, கூட இருந்த இரண்டு பேர் போனார்கள். இவருக்கு இடது கால் தொடைக்குக் கீழே போனது. உயிர் பிழைத்தவருக்குக் கம்பெனி மேலே ஆபீசில் வரைபட வேலை கொடுத்தது. வீட்டிலிருந்து ஆபீஸ் மூன்று மைல். பஸ்ஸில் ஏறும்போது எல்லாரும் தூக்கிவிட வருகிறார்களாம். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "நல்லவங்கதான். ஆனா தெனமும் ரெண்டு வாட்டி மூட்டையாவ முடியல மேஸ்திரி" என்றார். டாக்டரம்மா காரைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்து, அவரிடமிருந்து அதை வாங்கியும் விட்டார்.

ஓட்டக் கற்றுக்கொண்டது பெரிய கஷ்டமாக இல்லை. லைசென்ஸ்தான் கஷ்டம். கோலாரில் மோட்டார் வண்டி இன்ஸ்பெக்டர் (பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் நாங்கள் சொல்வோம்) கட்டைகளைப் பார்த்ததுமே விண்ணப்பத்தை மடித்துவிட்டார். கெட்டவர் இல்லை. "ரோட்டில் போகிற மற்றவர்களையும் நான் பார்க்க வேண்டும், கிளட்ச்சை யார் மிதிப்பார்?" என்று கேட்டார். நான் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். படிக்கவில்லை. நேராகக் காரில் ஏறி உட்கார்ந்து இடது காலைத் தூக்கித் தரையை ஒரு மிதி மிதித்தார். குனிந்து பார்த்தார். பிறகு கையை விட்டு இரண்டு பெடல்களையும் தடவிப் பார்த்தார். வெளியே கட்டையில் சாய்ந்து நின்ற கௌதமன் ஜன்னலருகே குனிந்து சொன்னதும்தான் விண்ணப்பம் மறுபடி விரிந்தது:

"எனக்கு எந்தக் கால் இல்லியோ, இந்தக் காருக்கும் அந்தக் கால் வேலை இல்ல சார்."

சுருளும் சுற்றும்

அடுத்த சோதனை, வால்வைத் திறக்கிற காயில் எரிந்து போனது. கட்டைவிரல் அளவு செப்புக்கம்பிச் சுருள், அவ்வளவுதான். சீமையிலிருந்து சாமான் வரவழைக்க அப்போது அனுமதி கிடைக்காது. பெங்களூரில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி எறிந்து சாதாரணக் கிளட்ச் பெடல் வைத்துத் தருகிறோம் என்றார்கள். கார் பிழைத்துவிடும். ஓட்டுகிறவர்தான் வேறு ஆள் வேண்டும்.

முனிரத்தினம் காயிலைத் தானே சுற்றுகிறேன் என்றான். முதல் சுருளுக்குக் கம்பி தடிமன் அதிகம்; வால்வு அசையவே இல்லை. இரண்டாவது நன்றாக இழுத்தது, கால் மணி நேரத்தில் புகைந்தது. சுரங்கத்தில் ஆட்கள் போகும் கூண்டு இறங்கக் கரண்ட் மணி அடிப்பார்களே, அந்த மணியில் கழித்துப் போட்ட ஒன்றைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த மெல்லிய கம்பியைப் பிரித்து எடுத்தான். பகல் முழுக்க வாசலில் உட்கார்ந்து, எண்ணிக்கொண்டே சுற்றுவான். நடுவில் யாராவது "இன்னா முனி" என்றால் எண்ணிக்கை போய்விடும், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் 'சுற்றும்போது பேசாதீர்' என்று சிலேட்டில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். அதற்கும் வந்து என்ன விஷயம் என்று விசாரித்தார்கள். மூன்றாவது சுருள் எரியாமல் தாக்குப்பிடித்தது. அதற்குள் ஆறு வாரம் ஓடிவிட்டது. அந்த ஆறு வாரமும் கௌதமன் பஸ்ஸில் ஏற மறுத்து லீவு போட்டு வீட்டிலேயே இருந்தார். சம்பள வெட்டு, மேலதிகாரி முறைப்பு, இரண்டும் உண்டு. காரைக் கொண்டுபோய் விட்டபோது அவர் உடனே ஏறி ஓட்டிப் பார்க்கக் கிளம்பிவிட்டார். அவர் மனைவி மல்லிகா வாசலில் நின்று பெருமூச்சு விட்டார்:

"ஆறு வாரமா மனுசன் என் அடுப்பங்கரைய சர்வே பண்ணிக்கினு இருந்தாரு அண்ணே. அந்த டப்பா ஏன் அங்க கீது, இந்தச் சட்டி ஏன் இங்க கீதுன்னு. காருக்கு ஒடம்பு சரியானதுல எனக்குத்தான் நிம்மதி."

சுளுவான வேலை

கடைசியில் கிளட்ச் எடைகளைப் பிடித்திருந்த ஸ்பிரிங்குகள் ஒன்றன் பின் ஒன்றாக உடைந்தன. அதைச் சுற்ற முனிரத்தினத்தாலும் முடியாது. தரையில் துரு வேறு ஓட்டை போட்டிருந்தது. கௌதமன் நம் நாட்டிலேயே செய்த பழைய கார் ஒன்றை வாங்கினார். அதில் மூன்று பெடல். ஷெட் வாசலில் நிறுத்திவிட்டு நாங்கள் மூன்று பேரும் அந்த மூன்றாவது பெடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒரு வாரம் யோசித்து நான் செய்தது இவ்வளவுதான். கியர் ராடின் பக்கத்தில் அதோடு சேர்த்து இன்னொரு நீளத் தண்டு. அதன் அடியிலிருந்து கிளட்ச்சுக்கு ஒரு கேபிள். சைக்கிள் பிரேக் பிடிப்பது போல இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் கிளட்ச் விலகும். அப்படியே கியரை மாற்றி, மெல்ல விட்டால் சேரும். சுவிட்ச் இல்லை, காயில் இல்லை, எலி கடிக்கக் குழாய் இல்லை. தண்டு பழைய கட்டில் சட்டத்திலிருந்து அறுத்தது. அதே இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, தானே இரண்டு தரம் பிடித்துவிட்டுப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். கௌதமன் ராபர்ட்சன்பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினார். பழைய காரோடு நானும் முனிரத்தினமும் பட்ட பாடு அவருக்கு முழுக்கத் தெரியும். என்றாலும், தண்டைத் திருப்தியாகத் தட்டிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்:

"இவ்ளோ சுளுவா? இத மொதல்லியே பண்ணியிருக்கலாமே மேஸ்திரி?"

ஓட்டுகிறவரின் வேலையைக் குறைக்க என்று எவர் எதைக் கண்டுபிடித்தாலும், குறைகிற அந்த வேலை எங்கும் ஒழிந்துபோவதில்லை, காரைவிட்டு இறங்கி மெக்கானிக் ஷெட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது.